படிக்கும் காலத்துக் குடித்தனம்

படிப்பு முடிந்த பின்பே மணம் என்பது பெரியோர் வகுத்த ஒழுங்கு. ஆயினும் இக்காலத்து ஆராய்ச்சிக் கல்வி முப்பது வயது வரையிலும் நீள்கின்றது. மணமோ அதுவரை காத்திருப்பதில்லை. மனைவியும் மழலையும் உடைய மாணவர் எங்கே வசிப்பது? இவ்வினா ஜோகுபாளையத்தில் எம் இல்லத்திற்கும் வந்தது.

எம் இளவல் நமது நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். 1909-இல் நிறுவப்பெற்ற அக்கழகத்திற்கு, திருச்சியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1933-இல் முதல் இந்திய இயக்குநரானார் என்பதை அன்பர்கள் அறிவர். அங்கே மாணவர் விடுதிகளோடு மணமானோர்க்கெனக் குடியிருப்புகளும் உள. அவை சிலவே, விண்ணப்பித்து, முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இரயில்வே குவார்ட்டர்ஸ் அறிந்த நமக்கு இது புதிதன்று. பணி உள்ளவரை நமக்கு வீடு. படிப்பு உள்ளவரை அவர்க்கு வீடு.

முறை வந்தபோது அன்னையார் கண்ணீர் வடித்தார். "ஒரே ஊரில் இருந்துகொண்டு தனிக்குடித்தனமா?" என்றார். நாமும் அவர் பக்கமே நின்றோம். இரண்டு அறை வீட்டில், நள்ளிரவில் திரும்பும் தம்பி அடுப்படியில் அமர்ந்து எழுதியதையும், குழந்தை அழுதால் அவர் மனைவி அதனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குச் சென்றதையும் நாம் கண்டிருந்தோம். அப்பெண் ஒரு நாளும் முறையிடவில்லை. அம்மௌனத்தையே சம்மதமாகக் கொண்டது எம் பிழை.

அவர்கள் குடியேறிய சின்னாட்களில் அன்னையாருடன் சென்று பார்த்தோம். சிறிய வீடுதான். ஆயினும் ஆய்வுக்கூடம் நடைதூரம். மாலையில் வந்து குழந்தைக்குச் சோறூட்டிவிட்டுத் தம்பி மீண்டும் ஆய்வுக்குச் செல்கிறார். அண்டை வீட்டு வங்காளப் பெண்மணியும் தம்பி மனைவியும் ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். திரும்பும் வழியில் அன்னையார் ஒன்றும் பேசவில்லை. மறு ஞாயிறன்று புளிக்காய்ச்சல் கிண்டி, எம்மையும் முந்திப் புறப்பட்டார்!

அமெரிக்காவிலும் இவ்வழக்கம் தேவையால் வளர்ந்ததே. இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்கள், 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் மனைவி மக்களோடு கல்லூரி புகுந்தனர். அவர்கட்கெனப் பல்கலைக் கழகங்கள் படைக் கொட்டகைகளையும் இழுவை வண்டி வீடுகளையும் வளாகங்களில் நிறுவின.

ஆகவே பெற்றோர்க்கு எமது வேண்டுகோள் இதுவே: மகனோ மகளோ மணத்திற்குப் பின்னும் பயில்வாராயின், சேரும்போதே குடியிருப்புக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். 2023 முதல் இளநிலை ஆராய்ச்சியாளர்க்கு மத்திய அரசு வகுத்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இந்நகர வாடகைக்கும் குடும்பச் செலவுக்கும் அது போதுவது அரிது. படிப்பு முடிந்ததும் வீட்டை விட வேண்டுமாதலால், மாதந்தோறும் சிறிது சேமிக்கவும் சொல்லுங்கள். தனிக்குடித்தனம் என்று வருந்தற்க. அதுவும் படிப்பின் ஒரு பகுதியே.