தீய்ஞ்ச வாடையா? வண்டியை நிறுத்துங்க!



குழுக்கடனில் வாங்கிய லோடு வண்டியில் தீய்ஞ்ச வாடை வந்தால், "ஒண்ணுமில்லக்கா" என்று டிரைவர் சொன்னாலும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்வோம். எல்லோரும் இறங்கிய பிறகு வாடையைக் கவனிப்போம்.

- ரப்பர் வாடை: ஃபேன் பெல்ட் வழுக்குகிறது. இன்ஜின் ஆறியதும் பார்க்கணும்.
- மேடு ஏறும்போது வாடை: கிளட்ச் பிளேட் தேய்கிறது. அதிக பாரமும், கிளட்ச்மேல் காலை வைத்தே ஓட்டுவதும் காரணம்.
- சக்கரப் பக்கம் அனல்: பிரேக் விடாமல் பிடிக்குது. முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்க. சூட்டோடு தண்ணி ஊத்தாதீங்க.
- பிளாஸ்டிக் வாடை: ஒயர் உருகுது. பேட்டரி இணைப்பைக் கழற்றணும். ஃபியூஸ் போனால் கம்பி சுற்றவே கூடாது, தீப்பிடிக்கும்.

காரணம் தெரியாமல் வண்டியை எடுக்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். ரிப்பேர் செலவைச் சமாளிக்கலாம். வண்டி எரிந்தால் தவணைதான் மிஞ்சும்.