நேற்று ராத்திரி 40 சென்டிமீட்டர் பனி! யார் அளந்தது தெரியுமா?

பனிச்சறுக்கு ஊர்களில் குளிர்காலம் வந்துவிட்டால், காலையில் கண் விழித்ததும் எல்லோரும் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். ராத்திரி எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது? அதைப் பார்த்துத்தான் விடுதி அறை நிரம்புகிறது, லிஃப்ட் டிக்கெட் விற்கிறது, ஆபீஸில் திடீர் காய்ச்சல்கள் கிளம்புகின்றன. சனி, ஞாயிறு வந்தால் அந்த எண் கொஞ்சம் வீங்கிக்கொள்ளும், தெரியுமா?

சத்தியமாக! அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர்கள் ஜோனதன் ஜின்மனும் எரிக் ஜிட்செவிட்ஸும், சறுக்கு மையங்கள் தாங்களே வெளியிட்ட கணக்கை அரசு வானிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். வார இறுதியில் மையங்கள் அறிவித்த புதுப்பனி, மற்ற நாட்களைவிட 23 சதவீதம் அதிகம்! மேகத்துக்குக் கிழமை தெரியுமா என்ன? இதைவிட ருசியான சேதி அடுத்தது. 2009 தொடக்கத்தில் ஓர் ஐபோன் செயலி வந்தது. மலையில் நிற்பவர்களே நிலவரத்தை உடனுக்குடன் எழுதிப் போடலாம். அவ்வளவுதான், மையங்கள் அளந்துவிட்டதெல்லாம் மளமளவென்று குறைந்தது. அதுவும் முக்கியமாக, செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைத்த மலைகளில்!

சரி, யோக்கியமாக அளப்பது எப்படி? வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பலகை. காற்று அலைக்கழிக்காத திறந்த இடத்தில் அதைத் தரையில் வைப்பார்கள். பனி விழுந்ததும் ஸ்கேலை நேராகச் செருகிப் படிப்பார்கள். பிறகு பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மேற்பரப்புக்குச் சமமாக மறுபடி வைப்பார்கள். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிறீர்களா? பனி தன் எடையிலேயே அமுங்கும். படியில் போட்ட அரிசியைத் தட்டத் தட்ட இடம் கிடைப்பதுபோலத்தான். ஆகவே அடிக்கடி துடைத்து அளந்தால் மொத்தக் கணக்கு பெருகிவிடும். அமெரிக்க விதிப்படி 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் அளந்து கூட்டக்கூடாது. 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மாண்டேக் என்ற ஊரில் ஒரே நாளில் 77 அங்குலம், அதாவது ஏறக்குறைய 196 சென்டிமீட்டர் பனி கொட்டியதாகக் கணக்கு வந்தது. தேசிய சாதனை! ஆனால் ஆறு முறை அளந்து கூட்டியிருந்தார்கள். நிபுணர் குழு கூடி விசாரித்தது, சாதனை செல்லாது என்றது. 1921-ல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான 75.8 அங்குலம் தப்பித்தது.

‘சீசன் மொத்தம்’ வேறு, ‘இப்போது தரையில் கிடக்கும் ஆழம்’ வேறு என்பது தெரியுமா? வாஷிங்டன் மாநிலத்தின் மவுன்ட் பேக்கர் சறுக்கு மையத்தில் 1998-99 பருவத்தில் விழுந்தது 1,140 அங்குலம். கிட்டத்தட்ட 29 மீட்டர், உலக சாதனை! அதற்காக 29 மீட்டர் பனிமேடு அங்கே நின்றதாக நினைத்துவிடாதீர்கள். விழுந்தது அமுங்கும், உருகும், காற்றில் பறக்கும். தரையில் குவிந்து நின்ற பனிக்கான சாதனை ஜப்பானின் இபுகி மலையுடையது. 1927 பிப்ரவரி 14 அன்று 11.82 மீட்டர்!

இன்னொரு கேள்வி. பத்து மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர் பனியாக விழுந்தால் எவ்வளவு உயரம் வரும்? பத்து சென்டிமீட்டர் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கடலோர மலையில் அது ஈரத்தோடு அதைவிடக் குறைவாக இறங்கலாம். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் இந்தக் கனத்த பனிக்கு ‘சியரா சிமென்ட்’ என்றே பட்டப்பெயர். அதே நீர் யூட்டாவின் வறண்ட குளிரில் இருபது சென்டிமீட்டர் பஞ்சாகவும் விழலாம். சறுக்குபவர்கள் ‘பவுடர்’ என்று உயிரை விடுவது இதற்குத்தான். காரணம் மேகத்துக்குள்ளேயே இருக்கிறது. மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் கிளைகிளையாக விரியும் நட்சத்திரப் படிகங்கள் வளரும். கிளைகளுக்கு நடுவே காற்று சிறைப்படும். மைனஸ் 5 பக்கம் வந்தால் ஊசிகள்தான். ஆய்வகத்தில் முதன்முதலில் பனிப்படிகத்தை வளர்த்து இந்த வெப்பநிலை ரகசியத்தை வரைபடமாக்கியவர் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் உகிச்சிரோ நகாயா. முதல் படிகம் வளர்ந்தது 1936-ல்!

பூஜ்ஜியத்துக்கு மேலே இரண்டு டிகிரி இருந்தாலும் பனி விழும், தெரியுமா? காற்று உலர்ந்திருந்தால் விழும் பனியிலிருந்து கொஞ்சம் ஆவியாகி, சுற்றுப்புறத்தைத் தானே குளிர்விக்கும். செயற்கைப் பனி இயந்திரங்கள் பிழைப்பதும் இதே தயவில்தான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறத்தாழ முழுக்க அப்படித் தயாரித்த பனியிலேயே நடந்து முடிந்தது!

இப்போது நம் நாட்டு குல்மார்குக்கு வருவோம். அங்கே விழும் பனியின் பூர்வீகம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கம் என்றால் நம்புவீர்களா? அங்கே உருவாகும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்னும் வானிலைச் சுழல்கள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இமயத்தில் மோதுகின்றன. அந்த வண்டி வராவிட்டால் எவ்வளவு குளிரடித்தாலும் பனி இல்லை. 2024 ஜனவரியில் உச்சக் குளிரான சில்லைக் கலான் நாட்களிலும் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. 2025-ல் பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

‘குல்மார்கில் பனி’ என்ற முன்னறிவிப்பு எந்த குல்மார்குக்கு? ஊர் இருப்பது 2,650 மீட்டரில். கோண்டோலா ரோப்காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலைச்சரிவில் கொண்டுபோய் விடுவது 3,900 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், மேலுக்கும் கீழுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம்! கீழே மழையும் பனியும் கலந்து பெய்யும்போது மேலே பவுடர் கொட்டலாம். ஆனால் பலத்த காற்றில் மேலே போகும் ரோப்கார் நின்றுவிடும். போதாக்குறைக்கு, அந்தக் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் பலகைபோல் அடுக்கிவைக்கும். பனிச்சரிவுக்கு அழைப்பிதழே அதுதான்.

பனிச்சரிவு அபாயத்துக்கு ஐந்து படிகள். அதிக உயிர் போவது ஐந்தில் அல்ல, மூன்றில்! ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் ‘நடுத்தரம்தானே’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

அதனால் குல்மார்குக்கு டிக்கெட் போடுபவர்களே, செல்போன் காட்டும் சென்டிமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். அது எந்த உயரத்துக்கான எண், காற்று எத்தனை வேகம், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை எந்தப் படி என்று மூன்றையும் பாருங்கள். படி மூன்று என்றால், வழிகாட்டி இல்லாமல் தடம் தாண்டிப் போகாதீர்கள்.