குடையை மடிக்கும் கைகள்

2025 ஆகஸ்டு 24-ஆம் தேதி ககன்யான் விண்கலத்துக்கான பாராசூட் சோதனை ஸ்ரீஹரிகோட்டா பக்கம் நடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து போட்ட ஏறக்குறைய ஐந்து டன் எடையுள்ள மாதிரிக் கலம், பெரிய பெரிய குடைகள் விரிய மெல்ல இறங்கியதை டி.வி.யில் பார்த்தோம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, இத்தனை துணியையும் யார் மடிச்சு வச்சிருப்பாங்க?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிற பெண் அவள். "தையல்லே என்ன பெரிய எதிர்காலம் இருக்கு?" என்று அவள் அம்மாவே சலித்துக்கொள்வாள். அவளுக்காக விசாரித்ததில் நான் தெரிந்துகொண்டதை நம் சகோதரிகளுக்கும் சொல்லலாமென்று எழுதுகிறேன்.

என்ன வேலை அது?

பாராசூட்டைப் பரிசோதித்து, பழுது பார்த்து, மடித்துக் கட்டுகிறவருக்கு 'ரிக்கர்' என்று பெயர். நீளமான மேஜையில் துணியை விரித்து, துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஒன்றும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. கயிறுகளை முறுக்கில்லாமல் வரிசைப்படுத்தி, மடிப்புக் கலையாமலிருக்கச் சின்னச் சின்ன எடைப் பைகளை வைத்து மடிக்க வேண்டும். முடித்ததும் கருவிகளை எல்லாம் எண்ண வேண்டும். ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் ஆபத்து! நம் பட்டுப் புடவைக்கு ஆகாத வெயிலும் ஈரமும் பாராசூட்டுக்கும் ஆகாது.

ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, நான் ரவிக்கையின் இரண்டு கைகளையும் இடம் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். அழுதுகொண்டே பிரித்துத் தைத்தேன். இந்த வேலையில் பிரித்துத் தைக்க அவகாசம் கிடையாது.

பெண்கள் செய்த வேலை

இது ஆண்களுக்கே உரிய வேலை என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ரிங்வே விமானத் தளத்தில் பாராசூட்டுகளை மடித்தவர்கள் பெண்கள். ஜப்பான் பட்டு வருவது நின்றுபோய் அமெரிக்காவில் நைலானுக்கு மாறியபோது, 1942 ஜூன் 6-ஆம் தேதி நைலான் பாராசூட்டை மாட்டிக்கொண்டு முதலில் குதித்தவர் அடலைன் கிரே என்ற பெண். அவரே ஒரு ரிக்கர்தான்!

சான்றிதழ் பெறும் வழி

அமெரிக்காவில் இதற்கு அரசாங்கச் சான்றிதழ் உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும்; ஆங்கிலம் தெரிய வேண்டும். சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 20 பாராசூட் மடித்திருக்க வேண்டும். பிறகு எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று மூன்று தேர்வு. அதன்பின் மூன்று வருஷ அனுபவமும், இரண்டு வகைகளில் ஒவ்வொன்றிலும் நூறு மடித்த கணக்கும் இருந்தால் 'மாஸ்டர்' ஆகலாம். ஆபத்துக்கு வைத்திருக்கும் நைலான் பாராசூட்டை 180 நாளுக்குள் சரிபார்த்து மடித்து, ரிக்கர் தன் அடையாளமுள்ள ஈய முத்திரையை இட வேண்டும். அமெரிக்க ராணுவப் பள்ளியில், மாணவர் தாம் மடித்ததை மாட்டிக்கொண்டு தாமே குதிக்கவும் வேண்டும். பொறுப்பு என்பதை இதைவிட எப்படிச் சொல்லித்தர முடியும்?

நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, முப்படை. பாராசூட்டையும் மற்ற உயிர்காப்புச் சாதனங்களையும் பராமரிக்க அங்கே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். விமானப் படையிலும் கடற்படையிலும் பெண்கள் அக்னிவீர்களாகச் சேரலாம். ஆனால் அது நான்கு வருஷப் பணி; அதற்குப் பிறகு ஒரு பகுதியினரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். எந்தப் பிரிவு என்பதும் நம் கையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, கான்பூர் பாராசூட் தொழிற்சாலை. 1941-இல் தொடங்கியது. 2021 முதல் 'கிளைடர்ஸ் இந்தியா' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இது மடிக்கிற வேலையைவிடத் தைக்கிற வேலைக்கான வாசல். இதற்கு ஐ.டி.ஐ. சான்றிதழும், தொழில் பழகுநர் பயிற்சியும் கைகொடுக்கும். தையல் தொழில்நுட்பம் ஒரு வருஷப் படிப்புதான். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று சேர்க்கை நேரத்தில் கேளுங்கள். வயது, மார்க் விதிகளை அந்தந்த அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

"கான்பூரா? அவ்வளவு தூரம் பொண்ணைத் தனியா அனுப்பறதா?" என்று தங்கை கலங்கினாள். "முதல்லே ஒரு வருஷம் இங்கேயே படிக்கட்டும். சான்றிதழ் கையில் இருந்தா எந்த ஊர்லேயும் பிழைச்சுக்கலாம்" என்றேன். இப்போது ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அது மட்டுமில்லை. தைத்து முடித்த ரவிக்கையைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு தையலையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கொடுக்கிறாள். "யாரும் கேக்கலியேடி?" என்றால், "நான் கேக்கறேன் பெரியம்மா" என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் பெண் இருந்தால், "வெறும் தையல்தானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.