சாடி மண்ணின் மறுபயன்பாடு: புல்மோட்டையை முன்வைத்து ஒரு குறிப்பு

எடுக்கப்பட்டது திருப்பிக் கொடுக்கப்படாதபோதே மண் மலடாகின்றது. முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியோடு மண்ணையும் கொள்ளையிடுவதே என மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) காட்டியமை நாம் அறிந்ததே. இல்மனைற்றும் உரூத்தைலும் செறிந்த புல்மோட்டைக் கரைமணல், 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து ஏற்றுமதிப் பண்டமாயிற்று. ஆயின், கரையோர மணல் நீரையும் போசணையையும் அதிகம் பிடித்து வைப்பதில்லை. எனவே முற்றத்துச் சாடிகளில் கத்தரி வளர்ப்போருக்கு, பாடுபட்டுச் சேர்த்த நல்ல மண் எறியத்தக்கதன்று.

பழைய சாடி மண்ணின் குறைகள் மூன்று: போசணை குன்றுதல், மண் இறுகுதல், உப்புப் படிதல். வேர்களை அகற்றி, நன்னீர் ஊற்றி உப்பை வடியவிட்டு, மூன்றிலொரு பங்கு கூட்டெருவும் சிறிது தும்புத்தூளும் கலத்தல் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியன ஒரே குடும்பத்தின. நோய் தொடராதிருக்க, அவற்றின் பின் பயற்றையை நடுதல் தகும். வாடல் நோயால் மாண்ட செடியின் மண்ணை மட்டும் மீளப் பயன்படுத்தலாகாது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ, அவ்வாண்டிலேயே தடை தளர்த்தப்பட்டது. அதன் சுமையைச் சுமந்தோர் விவசாயிகளே. மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தல் ஆணையொன்றால் நிகழ்வதன்று. கூட்டெரு பல மாத உழைப்பின் விளைவு என்பதைச் சாடியொன்றை நிரப்பியவரும் அறிவர்.