குடும்ப வன்முறை முறைப்பாடும் பொய் முறைப்பாடும்



லயத்தில் ஒரு காம்பராவில் அடி விழுந்தால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அப்படியிருந்தும் அடிபட்டவள் பொலிசுக்குப் போனால், "பொய்க் கேஸ் போட்டுட்டா" என்ற பேச்சுத்தான் முதலில் கிளம்புகிறது. ஆகவே சட்டம் என்ன சொல்கிறதென்று நாம் விளக்க விரும்புகிறோம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அடி உதை மட்டுமல்ல, தொடர்ந்து இழிவுபடுத்திக் கொடுமை செய்வதும் வன்முறைதான். மனைவி மட்டுமல்ல, கணவனும், வயதான தாய் தகப்பனும்கூட நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அவர்களுக்காகப் பொலிசாரும் செய்யலாம். அவசரமென்று கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளை தருவார். 14 நாளுக்குள் விசாரணை. அங்கே மற்றவரும் தன் பக்கத்தைச் சொல்லலாம். பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். கட்டளை வந்ததால் மட்டும் ஒருவர் குற்றவாளியாகிவிடமாட்டார். அதை மீறினால்தான் 10,000 ரூபா வரை தண்டமோ, ஒரு வருஷம் வரை மறியலோ, இரண்டுமோ கிடைக்கும். அடித்ததற்கான குற்ற வழக்கு வேறு.

பொய் முறைப்பாடே இல்லையென்று நாம் சொல்லவில்லை. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற போட்டியில் அப்படியும் நடக்கலாம். அந்த ஆளுக்கு நாட்சம்பளம் போகும். "பெண்டாட்டியை அடிச்சவன்" என்ற பேர் வழக்கு முடிந்தும் போகாது. அடுத்து நிஜமாகவே அடிபட்டு வருகிறவளையும் ஊர் நம்பாது. தெரிந்தே பொய்க் குற்றம் சாட்டுவதும் தண்டனைக்குரியது.

ஆனால் வாபஸ் வாங்கிய முறைப்பாடெல்லாம் பொய்யல்ல. மூன்று பிள்ளைகளோடு போக்கிடம் இல்லாதவள் வேறென்ன செய்வாள்? 2019ஆம் ஆண்டின் மகளிர் நலன் பற்றிய அரசாங்க ஆய்வில், துணைவரின் வன்முறையை அனுபவித்ததாக ஐந்தில் ஒரு பெண் சொல்லியிருக்கிறார்.

காயம் ஆறுமுன் வைத்தியசாலைக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து எழுதுவது மெய்யானவருக்குப் பலம். குற்றம் சாட்டப்பட்டவர் அன்று வேலையில் நின்றிருந்தால் செக்ரோல் சாட்சி. கட்டளை இருக்கும்போது "சமாதானம் பேச" வீட்டுப் பக்கம் போகவே கூடாது.

இன்னொன்று. கந்தளாயில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்து வையுங்கள். சொல்லாத ஒரு வரி அதில் இருந்தால், நீதிமன்றத்தில் உண்மை சொன்னவளே பொய்க்காரியாகிவிடுவாள். ஆம்பிளைக்கும் அதே கதிதான். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.