சுவரில் ஒட்டிய கடவுச்சொல்லும் பல்கலைக்கழக வைபையும்

கடைக்குள் நுழைந்ததும் "தம்பி, வைபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்பது நமக்குப் பழகிப்போன விடயம். காசாளர் மேசைக்கு அருகில் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நாளொன்றுக்கு ஐம்பது பேர் வந்துபோகும் தேநீர்க் கடைக்கு இந்த ஏற்பாடு போதுமானது. ஐயாயிரம் மாணவர்கள், நூற்றுக்கணக்கான விரிவுரையாளர்கள், விடுதிகள், நூலகம், பரீட்சைக் கிளை என்று விரிந்துகிடக்கும் ஒரு பல்கலைக்கழகத்திலும் இதே முறையைப் பின்பற்றினால் என்ன நடக்கும்? பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோரும், சிறிய கல்வி நிலையங்களை நடத்தும் வாசகர்களும் இதனை அறிந்திருப்பது நல்லது.

எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் முதலில் எழுவது வெளியேறியவர்களின் பிரச்சினை. படிப்பை முடித்துச் செல்லும் மாணவன் கடவுச்சொல்லையும் தன்னோடு எடுத்துச் செல்கிறான். அதனை மாற்றினால் எஞ்சிய ஐயாயிரம் பேருக்கும் புதிதாக அறிவிக்க வேண்டும். அறிவித்த அன்றே அது பக்கத்துத் தெருவுக்கும் போய்விடும். அடுத்தது பொறுப்புக்கூறல். வளாகத்தின் இணைப்பிலிருந்து எவரோ ஒருவர் அச்சுறுத்தல் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார் என்று முறைப்பாடு வருகிறது. யார் என்று கேட்டால், கடவுச்சொல் தெரிந்த அத்தனை பேரும் சந்தேக நபர்களே. மூன்றாவதைப் பலர் அறிவதில்லை. இன்னும் பரவலாகப் பாவனையிலுள்ள டபிள்யூ.பீ.ஏ.2 முறையில், பொதுக் கடவுச்சொல்லைத் தெரிந்த ஒருவர் உங்கள் தொலைபேசி இணையும் கணத்தில் காற்றில் செல்லும் தகவலைப் பதிவு செய்துகொண்டால், அதன்பின் உங்கள் வைபை மறைகுறியை அவரால் அவிழ்க்க முடியும். வங்கி போன்ற தளங்கள் தமக்கென்று தனிப் பூட்டு வைத்திருப்பதால் எல்லாம் வெளியாகிவிடாது என்பது ஓர் ஆறுதல். 2018இல் வந்த டபிள்யூ.பீ.ஏ.3 இந்த ஓட்டையை அடைத்தது என்றாலும் பழைய கருவிகள் இன்னும் ஏராளமாக உள்ளன.

பூட்டுகள் நாளடைவில் பழுதாகும் என்பதற்கு வைபையின் வரலாறே சாட்சி. 1997இல் முதலாவது தரத்துடன் வந்த டபிள்யூ.ஈ.பீ. என்ற பூட்டின் அடிப்படைக் குறைபாட்டை 2001இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 2007இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று செய்தே காட்டினர்.

ஆகவே பெரிய வளாகங்கள் வேறு வழியை நாடின. 2001இல் வெளியான 802.1எக்ஸ் என்ற தரத்தின்படி ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். கூரையில் தொங்கும் வெள்ளைப் பெட்டியான அக்சஸ் பொயின்ட் எவரையும் தானாக அனுமதிப்பதில்லை. அது வாயிற்காவலாளி மாத்திரமே. "இன்னார் வந்திருக்கிறார், விடலாமா?" என்று உள்ளே இருக்கும் ரேடியஸ் சேர்வரிடம் கேட்கும்; ஆம் என்றால்தான் கதவு திறக்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் வேறு மறைகுறிச் சாவி வழங்கப்படும். மாணவன் வெளியேறினால் அவனுடைய பெயரை மூடினால் போதும், மற்றவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. இதற்கு இலட்சக்கணக்கில் மென்பொருள் வாங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. செலவாவது அதனை இயக்கத் தெரிந்த ஆளுக்குத்தான்.

இதே முறையை உலகளவுக்கு விரித்ததுதான் எடுரோம். 2002இல் நெதர்லாந்தின் சேர்ஃப்நெட் நிறுவனத்தில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை, இன்று நூற்றுக்கும் அதிகமான நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இச்சேவையை நடத்துகிறது. இலங்கைப் பல்கலைக்கழகமொன்றின் விரிவுரையாளர் மலேசியாவிலோ பிரித்தானியாவிலோ எடுரோம் உள்ள வளாகமொன்றில் தொலைபேசியைத் திறந்தால், தன் ஊர்க் கணக்கைக் கொண்டே இணையலாம். பயனர் பெயரின் பின்பாதியைப் பார்த்து, அந்த நாட்டுச் சேர்வர் கோரிக்கையை அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைக்கும். கடவுச்சொல் முத்திரையிட்ட தபாலுறை போலச் செல்கிறது. வழியிலுள்ள எவரும் அதனைத் திறக்க முடியாது. விருந்தளிக்கும் பல்கலைக்கழகத்துக்குக்கூட ஆம் அல்லது இல்லை என்ற பதில் மட்டுமே தெரியும்.

இவ்வளவு உறுதியான ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது நம் கையில் இருக்கும் தொலைபேசியில் உள்ளது.

தபாலுறையைத் திறக்க வேண்டியவர் உண்மையான சேர்வர்தானா என்பதை, அது காட்டும் சான்றிதழைக் கொண்டே தொலைபேசி தீர்மானிக்கிறது. அவசரத்தில் இணைக்கும் மாணவர்கள் பலர் "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்று தெரிவு செய்துவிடுவார்கள். உடனே வைபை வேலை செய்யும், ஆளும் மகிழ்ச்சி. ஆனால் சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் மடிக்கணனியில் அதே பெயரில் ஒரு போலி வைபையை உருவாக்கினால், அந்தத் தொலைபேசி பையில் இருந்தபடியே அதனிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். சில அமைப்புகளில் கடவுச்சொல் அப்படியே கைமாறும். வேறு சிலவற்றில் எம்.எஸ்.சாப் வி2 என்ற முறையில் உருமாறிச் செல்லும். அதனையும் ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் நிரூபித்தனர். அதே பெயரும் கடவுச்சொல்லும்தான் மாணவரின் மின்னஞ்சலுக்கும் பாடநெறித் தளத்துக்கும் என்றால், இழப்பு வைபையோடு நிற்காது. ஒப்படையைச் சமர்ப்பிப்பதும் அழிப்பதும் இன்னொருவர் கையில்!

2020இன் இறுதியில் அன்ட்ரொய்ட் 11இன் புதுப்பித்தல் இந்தத் தெரிவைப் பல தொலைபேசிகளிலிருந்து நீக்கியது. அப்போது வைபை வேலை செய்யவில்லை என்று பலர் குறைபட்டார்கள். உண்மையில் நீக்கப்பட்டது ஓட்டைதான். கையால் அமைப்பதைத் தவிர்த்து, எடுரோம் வழங்கும் கெற்எடுரோம் செயலியைப் பயன்படுத்தினால் சான்றிதழும் சேர்வர் பெயரும் சரியாகப் பதிவாகும். உங்கள் பிள்ளை முதலாம் வருடத்தில் காலடி வைக்கும்போது இந்த ஒன்றையாவது சொல்லி அனுப்புங்கள்.

பாதுகாப்பை விட அன்றாட நிர்வாகம்தான் உத்தியோகத்தர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. விடுதியில் ஒரு மாணவன் மலிவான ரவுட்டர் ஒன்றைச் சுவர்த் துளையில் தவறான பக்கமாகச் செருகிவிட்டால், அது தானும் ஒரு சேர்வர் என்று நினைத்துக்கொண்டு மாடி முழுவதுக்கும் பிழையான முகவரிகளை வழங்கத் தொடங்கும். எல்லோருக்கும் வைபை நிறை கோட்டில் காட்டும், இணையம் மட்டும் வராது. நல்ல சுவிட்சுகளில் இதனைத் தடுக்கும் வசதி உண்டு. வாங்கிய பின்பும் அதனைச் செயற்படுத்தாமல் விடும் இடங்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பழியை யார் மீது போடுவது என்பதிலும் அவசரம் கூடாது. 2007 ஜூலையில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், முப்பது வரையிலான அக்சஸ் பொயின்ட்கள் ஒரே நேரத்தில் பத்து, பதினைந்து நிமிடங்கள் முடங்கின. விநாடிக்கு 18,000 வரை கோரிக்கைகள் வந்ததாகக் கூறி, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஐபோனைக் குற்றவாளியாக்கினர். செய்தி உலகம் முழுவதும் பரவியது. சில நாட்களில், கோளாறு சிஸ்கோ வலையமைப்பின் பக்கம் இருந்ததாகத் தெரியவந்து திருத்தப்பட்டது.

வேகம் குறைகிறது என்றால் பெட்டியின் சக்தியைக் கூட்டுவது நம்மவர் வழக்கம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. முந்நூறு பேர் அமரும் மண்டபத்தில் எல்லாப் பெட்டிகளும் உரக்கக் கத்தினால் ஒருவருக்கும் கேட்காது. பெட்டிகளை அதிகரித்து, ஒவ்வொன்றின் சக்தியையும் குறைத்து, 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுவதே முறை.

யார், எப்போது, எந்தக் கட்டடத்தில் இணைந்தார் என்ற பதிவேடு முறைப்பாடு வரும்போது உதவும். ஆனால் அதே பதிவேடு ஒரு மாணவியின் நாள் முழுவதற்குமான நடமாட்டத்தையும் சொல்லும். நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. எத்தனை மாதம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பதைப் பிரச்சினை வரும் முன்னரே எழுத்தில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கல்வி நிலையம் அல்லது அலுவலகம் நடத்தும் வாசகர்கள் ரேடியஸ் சேர்வர் அமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருகை தருவோருக்கு விருந்தினர் வைபை ஒன்றை வேறாக்கிக் கொடுங்கள். சாதாரண ரவுட்டர்கள் பலவற்றிலும் அந்த வசதி இருக்கிறது. கணக்கு வழக்குள்ள கணனியும் கட்டண இயந்திரமும் மற்றைய இணைப்பில் இருக்கட்டும். சுவரில் ஒட்டும் தாளில் விருந்தினர் கடவுச்சொல் மட்டும் இருந்தால் போதும்.