வெற்றிடமும் அமைதியும்: காற்றுப் படங்களில் விடுபட்ட தரவுகள்

காற்றையோ நீரோட்டத்தையோ விளங்கிக்கொள்ள வேகமும் திசையும் ஒருங்கே தெரிதல் வேண்டும். பருமனும் திசையும் உடைய கணியத்தைக் காவி என்பர். ஒரு பரப்பின் புள்ளிகள்தோறும் காவிகளை அம்புக்குறிகளாக வரைந்தால் கிடைப்பது காவிப்புலப் படம். அளவீடு கிடைக்காத இடங்களை இப்படத்தில் எவ்வாறு காட்டுவது? வரைபட நுட்பம் பற்றிய சிறு வினாவாகத் தோன்றினும், கரையோர மக்களின் வாழ்வோடு நேரடித் தொடர்புடையது இது.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கில் வங்காள விரிகுடாவுக்கும் மேற்கில் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்தது செட்டிபாளையம். இத்தகைய கரைகளை அடுத்த கடற்காற்றை விண்ணிலிருந்து அளந்த செய்மதிகளுள் குயிக்ஸ்கற் (1999–2009) குறிப்பிடத்தக்கது. கடற்பரப்பின் சொரசொரப்பிற் பட்டு மீளும் இராடர் அலைகளைக் கொண்டு அது காற்றைக் கணித்தது. அதன் வழமையான கட்டம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் அகலமுடையது. நிலத்திலிருந்து மீளும் வலிய சைகை கடலின் சைகையைக் கெடுத்துவிடுமாதலால், கரையை அடுத்த கட்டங்கள் மறைக்கப்பட்டன. இதனால் சிறு தோணிகளில் தொழில் செய்வோர் அன்றாடம் செல்லும் கடலே படத்தில் வெறுமையாகிவிடுகிறது.

இவ்வெறுமை கணினித் தரவுகளிற் பெரும்பாலும் −9999 போன்ற, இயற்கையில் நிகழவியலாத எண்ணொன்றாற் குறிக்கப்படும். பத்து நாட்களில் ஒன்பது நாள் காற்றின் கிழக்கு நோக்கிய கூறு செக்கனுக்கு 5 மீற்றர் எனவும், ஒரு நாள் அளவீடில்லை எனவும் கொள்வோம். குறியீட்டெண்ணையும் சேர்த்துச் சராசரி கண்டால் −995.4 வரும். இப்பிழை கண்ணை உறுத்துமாதலால் எளிதிற் பிடிபடும். அவ்விடத்திற் பூச்சியத்தை இட்டாலோ 4.5 வரும். நம்பத்தக்கதாகத் தோன்றுவதாலேயே இது கூடுதல் ஆபத்தானது. அளந்த ஒன்பது நாட்களுக்கு மட்டும் சராசரி கண்டு, 5 என்ற விடையோடு அந்நாட்களின் எண்ணிக்கையையும் பதிவதே முறையாகும்.

காவிக்கு இரு கூறுகள் உண்டென்பதையும் மறத்தலாகாது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றின் ஒரு கூறு விடுபட, அதனைப் பூச்சியமாகக் கொண்டால், அம்பு வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ மட்டும் வீசும் பொய்க்காற்றைக் காட்டும். ஒரு கூறு இல்லையெனின் அம்பு முழுவதையும் மறைத்தல் வேண்டும்.

சிலர் வெற்றிடத்தை அயற்கட்டங்களின் பெறுமானங்களால் நிரப்புவர். நாற்புறமும் அளவீடு சூழ்ந்த சிறு இடைவெளிக்கு இது பொருந்தலாம். அப்போதும் கோணங்களைச் சராசரி காணாது கூறுகளையே கொள்ள வேண்டும்; 350 பாகைக்கும் 10 பாகைக்கும் எண் சராசரி 180 ஆதலால் வடகாற்றுத் தென்காற்றாகிவிடும். ஆனால் செட்டிபாளையக் கரையை அடுத்த வெற்றிடத்துக்குக் கடற்பக்கத்தில் மட்டுமே அளவீடு உண்டு. பகலிற் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் மாறிமாறி வீசும் கரையிற் தொலைக்கடலின் அம்புகளை நீட்டி வரைவது, அளவீட்டின் இடத்தில் ஊகத்தை அமர்த்துவதாகும். நிரப்பியே ஆகவேண்டுமெனின் அவ்வம்புகளை வேறு நிறத்தில் வரைதல் வேண்டும்.

தரவு விடுபடுவது எப்போதும் தற்செயலன்று. குயிக்ஸ்கற்றின் அளவீட்டைக் கனமழை கெடுத்தது. மழை நேர அளவீடுகளை நீக்கியபின் காணும் சராசரி, மழையற்ற வேளைகளின் பக்கமே சாயும். புயலின் நடுப்பகுதி தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது எனலாம்.

இதற்கு வரலாறே தக்க சான்று. கடற்காற்றை அளக்கவல்ல சீசற் செய்மதி 1978 யூனில் ஏவப்பட்டு, மின்கோளாற்றினால் ஒக்டோபர் 10ஆம் நாள் செயலிழந்தது. ஆறு வாரங்களின் பின், நவம்பர் 23ஆம் நாள், மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அந்நாளுக்குச் சீசற்றின் அம்பு ஒன்றேனும் இல்லை. அவ்வெற்றிடத்தை அமைதியென்று கொள்ளும் மூடத்தனத்தை எவரும் செய்யார். ஆயினும் விடுபட்ட கட்டத்திற் பூச்சியத்தை இடும்போது நாம் செய்வது அதுவே.

வானிலைப் படங்களிற் காற்றில்லா நிலையம் இரட்டை வட்டத்தாற் குறிக்கப்படும். அதுவும் ஓர் அளவீடே. அளக்கப்படாத இடத்துக்கோ வேறு குறி வேண்டும்: சாம்பல் நிறமும், ‘தரவு இல்லை’ என்ற விளக்கமும் போதுமானவை. அளக்கப்படாத கடலிலும் மக்கள் தோணி செலுத்துகின்றனர். அக்கடல் அமைதியானதென்று அவர்களுக்குச் சொல்லும் உரிமை எந்தப் படத்துக்கும் இல்லை.